கல்லீரல் புற்றுநோய்: ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் ஏன்?

 

"ஈரலில் கட்டி இருக்கிறது" என்று மருத்துவர் சொன்னவுடன் ஒரு குடும்பம் ஒரே வாரத்தில் பல முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. பெங்களூருக்குப் போவதா, வேலூருக்குப் போவதா? அறுவை செய்தால் பிழைப்பாரா? நிலத்தை விற்கலாமா? ஒரு மருத்துவர் அறுவை என்கிறார், இன்னொருவர் ஊசி என்கிறார், மூன்றாமவர் மாத்திரை போதும் என்கிறார். யாரை நம்புவது என்று தெரியாமல் வீட்டார் அலைகிறார்கள். இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் அந்த அலைச்சல் குறையும். பல வீடுகளில் நோய் அந்த நிலைக்கு வராமலே தடுக்கவும் முடியும்.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 8 லட்சத்து 66 ஆயிரம் பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 7 லட்சத்து 58 ஆயிரம் பேர் இதனால் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம், பெரும்பாலோர் காலம் கடந்து மருத்துவமனைக்கு வருவதுதான்.

இரண்டு நோய்கள் ஒன்றாக

கல்லீரலில் தோன்றும் புற்றுநோய் வேறு. குடல், மார்பகம், கணையம் போன்ற இடங்களில் தோன்றி ஈரலுக்குப் பரவும் புற்றுநோய் வேறு. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இது ஈரலிலேயே தொடங்கியதா, வேறு இடத்திலிருந்து வந்ததா?"

ஈரலிலேயே தொடங்கும் புற்றுநோய் பெரும்பாலும் நல்ல ஈரலில் வருவதில்லை. பல ஆண்டுகளாகப் புண்பட்டு, தழும்பேறி, கெட்டிப்பட்ட ஈரலில்தான் வருகிறது. அந்தத் தழும்பேறிய நிலையைச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்கம் என்கிறார்கள். எனவே நோயாளிக்கு ஒரே நேரத்தில் இரண்டு நோய்கள்: ஒன்று கட்டி, மற்றொன்று கெட்டுப்போன ஈரல். மருத்துவர் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது இரண்டையும் பார்த்துத்தான். ஒரே அளவு கட்டி உள்ள இருவருக்கு இரண்டு விதமான சிகிச்சை சொல்லப்படுவதும் இதனால்தான்.

ஈரல் ஏன் கெடுகிறது?

மது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நமக்கு மது ஹராம். ஆனாலும் நம் வீடுகளில் குடிப்பவர் யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குடிப்பழக்கம் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடமாவது சொல்லிவிட வேண்டும். அதே சமயம், வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாதவருக்கும் இந்த நோய் வருகிறது. காரணங்கள் இவை:

ஹெப்படைடிஸ் பி, சி கிருமிகள்: இவை ரத்தம் வழியாகப் பரவி, ஈரலுக்குள் சத்தமில்லாமல் 20, 30 ஆண்டுகள் இருக்கும். 2022ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர் ஹெப்படைடிஸ் பி கிருமியுடனும், 55 லட்சம் பேர் சி கிருமியுடனும் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்களிடம் கிருமி இருப்பதே தெரியாது.

கொழுப்பு ஈரல்: சர்க்கரை நோய், உடல் பருமன், உட்கார்ந்தே செய்யும் வேலை, இனிப்புப் பானங்கள் இவற்றால் ஈரலில் கொழுப்பு படிகிறது. சிலருக்கு அது புண்ணாகி, தழும்பாகி, புற்றுநோய் வரை போகிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே ஈரலின் புண் பெருமளவு ஆறுகிறது. வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அந்த மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுவது ஈரலுக்கும் பாதுகாப்பு.

பூஞ்சை பிடித்த வேர்க்கடலை, சோளம்: ஈரமாகச் சேமித்த தானியத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை, அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள். சிறுகச் சிறுக ஆண்டுக்கணக்கில் உடலில் சேர்ந்தால் அது புற்றுநோய்க்கு வழி செய்கிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதை எண்ணெய் ஆட்டவும் மாட்டுக்குத் தீவனமாகவும் கொடுக்காதீர்கள்.

கிருமி பரவும் வழிகள், பரவாத வழிகள்

ஹெப்படைடிஸ் பி உள்ளவரோடு ஒரே தட்டில் சாப்பிடலாம். முஸாஃபஹா செய்யலாம், கட்டித் தழுவலாம், பக்கத்தில் நின்று தொழலாம். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாம். இவற்றால் கிருமி பரவாது. தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்து ஒருவரை ஒதுக்குவது மருத்துவமும் அல்ல, மார்க்கமும் அல்ல.

பரவும் வழிகள்: பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு, தாம்பத்திய உறவில், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவதில், சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவற்றைப் பகிர்வதில். இந்தக் கிருமி உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே மூன்று இடங்களில் நாம் கவனமாக இருக்க வேண்டும். சுன்னத் செய்யும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் புதிய பிளேடு அல்லது முறையாகச் சுத்திகரித்த கருவி வேண்டும். மருத்துவமனையில் செய்வது நல்லது. ஹிஜாமா செய்பவர் உங்கள் கண் முன்னே புதிய பிளேடையும் புதிய கப்பையும் பிரிக்கிறாரா என்று பாருங்கள். மய்யித்தைக் குளிப்பாட்டுபவர்கள் கையுறை அணியட்டும். இவர்களுக்குத் தடுப்பூசியும் போட்டுவிட்டால் நல்லது.

'அன்ஃபிட்' என்ற சீட்டு

நம் இளைஞர்களில் பலருக்கு ஹெப்படைடிஸ் பி இருப்பது முதன்முதலில் தெரிய வருவது வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான். 'அன்ஃபிட்' என்று வந்துவிடுகிறது. விசா போன கவலையில் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், உள்ளூரிலேயே ஒரு வேலை தேடிக்கொள்கிறார்கள். பதினைந்து, இருபது வருடம் கழித்து வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு வரும்போது, அந்தச் சீட்டைப் பற்றி மனைவிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

அந்தச் சீட்டு ஓர் எச்சரிக்கை. சரியாகப் பயன்படுத்தினால் உயிர் காக்கும். அதை வைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கிருமியின் அளவும் ஈரலின் நிலையும் பார்ப்பார்கள். எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. தேவைப்படுபவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெப்படைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பி கிருமியை மாத்திரை முழுதாக ஒழிக்காது, அடக்கி வைக்கும். புற்றுநோய் அபாயம் வெகுவாகக் குறையும். சி கிருமியையோ பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வார மாத்திரையில் அடியோடு போக்கிவிடலாம்.

பி கிருமிக்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் ஈரல் திடீரென்று மோசமாகக் கெடக்கூடும். ரமளானில் நிறுத்திவிடாதீர்கள். நாளுக்கு ஒருமுறை மருந்துதான் என்பதால் சஹரிலோ இஃப்தாருக்குப் பிறகோ எடுத்துக்கொள்ளலாம். எந்த நேரம் பொருத்தம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கிருமி நிக்காஹுக்குத் தடையும் அல்ல. துணைவருக்குப் பரிசோதனை செய்து, மூன்று தவணைத் தடுப்பூசி போட்டு, பலன் கிடைத்ததை உறுதி செய்தால் போதும். மறைத்துச் செய்யும் திருமணம்தான் பின்னால் பிரச்சினை ஆகிறது.

முதல் 24 மணி நேரம்

பிறக்கும்போது கிருமி தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுள் முழுதும் தங்கிவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கே அப்படித் தங்குகிறது. அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியோடு சேர்த்து. நாடு முழுவதும் இது இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் வந்தது 2011இல்தான். அதற்கு முன் பிறந்த பலர் போட்டிருக்க மாட்டார்கள்.

தாய்க்குக் கிருமி இருந்தால் குழந்தைக்குத் தடுப்பூசியோடு இன்னோர் ஊசியும் உடனே போட வேண்டும். ஆகவே கர்ப்பிணிகள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. இதன் பலன் நிரூபிக்கப்பட்ட ஒன்று. தைவான் நாடு 1984இல் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளிடையே கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுக்கும் முதல் தடுப்பூசி இதுதான்.

கீழாநெல்லி குணப்படுத்துமா?

இதைச் சொல்லாமல் விட முடியாது. மஞ்சள் காமாலை என்றாலே வெறும் வயிற்றில் கீழாநெல்லியும் மோரும் என்பது நம் வழக்கம். இதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் முறையாகச் சோதித்தார்கள். ஹெப்படைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க் அவர்களோடு இணைந்திருந்தார். 1988இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது: முப்பது நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு தாய்லாந்து முதலிய இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று வரை கீழாநெல்லி ஹெப்படைடிஸ் பி-யைக் குணமாக்கும் என்று உறுதிப்படவில்லை.

அப்படியானால் ஊரில் பலருக்குக் குணமானதே? அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வரும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் சாப்பிட்ட மருந்துக்குப் பெயர் வந்துவிடுகிறது. பி, சி கிருமியாலோ, பித்தக்குழாய் அடைப்பாலோ, கட்டியாலோ வந்த காமாலைக்கு அப்படி நடக்காது. ஆகவே காமாலை வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். எந்த வகை என்று தெரியாமல் பத்தியம் இருந்து இழக்கும் இரண்டு மாதம் திரும்பக் கிடைக்காது.

ஆறு மாதக் கணக்கு

தொடக்க நிலைக் கட்டி வலிக்காது. பசியின்மை, மெலிவு, வலப்பக்க விலாவின் கீழ் வலி, வயிற்றில் நீர், காமாலை, ரத்த வாந்தி ஆகியவை வரும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். எனவே அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது.

சிரோசிஸ் உள்ள எல்லோரும், மருத்துவர் அபாயம் அதிகம் என்று சொன்ன ஹெப்படைடிஸ் பி உள்ளவர்களும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும். கூடவே ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். வருடத்துக்கு ஒருமுறை போதாதா என்றால், கட்டி சிகிச்சைக்கு ஏற்ற சிறிய அளவில் இருக்கும்போதே பிடிபட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஆறு மாதக் கணக்கு. ஸ்கேனில் சந்தேகம் இருந்தால் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சிரோசிஸ் உள்ளவர்களுக்குப் பல நேரங்களில் சதையெடுத்துப் பார்க்காமலே இதில் உறுதி செய்துவிட முடியும்.

சிகிச்சைகள்

முதலில் ஈரலின் பலத்தை ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். காமாலையின் அளவு, ரத்தத்திலுள்ள புரதம், ரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மனத்தெளிவு ஆகிய ஐந்தையும் வைத்து இந்தத் தரம் கணக்கிடப்படும். ஏ நல்லது, சி மோசம். பிறகு கட்டியின் எண்ணிக்கை, அளவு, ரத்தக்குழாயில் நுழைந்ததா, வெளியே பரவியதா என்று பார்ப்பார்கள்.

1. அறுவை. நல்ல ஈரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும் அது மீண்டும் வளர்ந்துவிடும். சுருங்கிய ஈரல் அப்படி வளராது. எனவே ஈரல் பலமாக உள்ளவர்களுக்கே இது பொருந்தும். அறுவைக்குப் பிறகும் ஐந்து ஆண்டுகளுக்குள் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி திரும்ப வருகிறது. ஸ்கேனை நிறுத்தவே கூடாது.

2. ஈரல் மாற்று. கட்டியையும் கெட்ட ஈரலையும் ஒன்றாகப் போக்கும் சிகிச்சை இது ஒன்றுதான். ஒரே கட்டி 5 சென்டிமீட்டருக்கு மிகாமல், அல்லது மூன்று கட்டிகள் வரை ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது 1996 முதல் உலகம் முழுதும் பின்பற்றப்படும் மிலான் அளவுகோல். நெருங்கிய உறவினர் தம் ஈரலில் ஒரு பகுதியைத் தரலாம். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்தும் பெறலாம். சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் இது செய்யப்படுகிறது. மார்க்கம் அனுமதிக்கிறதா என்ற கேள்விக்கு, இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹ் பேரவை 1988இல் ஜித்தாவில் நிபந்தனைகளோடு அனுமதி வழங்கியது. ஆலிம்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. உங்கள் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளியுங்கள்.

3. கட்டியைச் சுடுதல். 3 சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டிக்குள் ஸ்கேன் பார்த்தபடி ஊசியைச் செலுத்தி, வெப்பத்தால் கருக்கிவிடுவார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. மிகச் சிறிய கட்டிகளில் அறுவைக்கு நிகரான பலன் தரும்.

4. ரத்தக்குழாய் வழிச் சிகிச்சை. நல்ல ஈரல் தன் ரத்தத்தில் பெரும்பகுதியைக் குடலிலிருந்து வரும் சிரையில் பெறுகிறது; கட்டியோ தமனியிலிருந்துதான் பெறுகிறது. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை ஈரல் தமனி வரை செலுத்தி, மருந்தைக் கட்டிக்குள் விட்டு, அதன் ரத்த ஓட்டத்தை அடைப்பார்கள். இதற்கு டேஸ் என்று பெயர். மருந்துக்குப் பதில் கதிரியக்கத் துகள்களை அனுப்புவதும் உண்டு. பல கட்டிகள் இருந்து அறுவைக்கு வழியில்லாதவர்களுக்கு ஆயுளை நீட்டும்; சிலருக்குக் கட்டியைச் சுருக்கி அறுவைக்குத் தகுதியாக்கும்.

5. மாத்திரையும் நோய் எதிர்ப்பு ஊசியும். ரத்தக்குழாயில் நுழைந்த, வெளியே பரவிய நோய்க்கு இவை. முதலில் வந்தது 2007இல் சோராஃபெனிப். பேயர் நிறுவனத்தின் அந்த மாத்திரை ஒரு மாதத்துக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் விற்றது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம், நாட்டின் முதல் கட்டாய உரிமத்தை ஹைதராபாதின் நாட்கோ நிறுவனத்துக்கு அளித்து, மாத மருந்து 8,880 ரூபாய்க்கு மிகக் கூடாது என்றது. ஏழை நோயாளிகளுக்குக் கதவு திறந்த தீர்ப்பு அது. ஆனால் அதன் பலனையும் உள்ளபடி அறிய வேண்டும்: அந்த மருந்தின் முக்கியச் சோதனையில் நோயாளிகளின் சராசரி ஆயுள் 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமானது. 2020 முதல் வந்துள்ள இரண்டு ஊசிகள் சேர்ந்த சிகிச்சையில் அது 19.2 மாதம் வரை சென்றது. விலை மிக அதிகம். ஈரல் 'சி' தரத்தில் உள்ளவர்களுக்கு இவற்றால் பெரும்பாலும் நன்மை இல்லை.

நிலத்தை விற்பதற்கு முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஈரலின் தரம் என்ன? இந்தச் சிகிச்சை குணப்படுத்தவா, ஆயுளை நீட்டவா? எவ்வளவு காலம், எவ்வளவு செலவு?

எங்கே போவது?

முதலில் ஓசூர் அரசு மருத்துவமனை அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேல் சிகிச்சைக்கு சென்னை அரசு மருத்துவமனைகள், 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. உள்ளன. பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே கித்வாய் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. ஆனால் மாநில எல்லை தாண்டினால் நம் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று புறப்படும் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. உதவி எண் 1800 425 3993. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104. சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் இ.எஸ்.ஐ. அட்டையைப் பயன்படுத்தலாம். நோய் வந்த பிறகு அட்டைக்கு அலையாதீர்கள், இப்போதே எடுத்து வையுங்கள்.

குணமாகாத நிலையில்

சிலருக்கு எந்தச் சிகிச்சையும் பலன் தராத நிலை வரும். அப்போதும் செய்வதற்கு நிறைய உண்டு. வலிக்கு மார்ஃபின் மாத்திரை, வயிற்று நீரை எடுப்பது, தூக்கம், பசி, மலச்சிக்கலைக் கவனிப்பது எல்லாம் சிகிச்சைதான். வலியோடு கிடப்பது கட்டாயம் இல்லை. நோயாளியிடம் நோயை மறைக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். அன்பினால்தான் மறைக்கிறோம். ஆனால் உண்மை தெரிந்தால்தான் அவர் தம் கடனைச் சொல்லி அடைக்க முடியும், அமானிதத்தைத் திருப்பித் தர முடியும், வஸிய்யத் எழுத முடியும், மனம் நோகச் செய்தவரிடம் மன்னிப்புக் கேட்க முடியும். அந்த உரிமையை அவரிடமிருந்து நாம் எடுத்துவிடக் கூடாது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

வீட்டில் பெரியவர்கள் அனைவரும் ஹெப்படைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். பழைய பரிசோதனைச் சீட்டு அலமாரியில் இருந்தால் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஈரலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஈரல் நோய் இருப்பவர் அடுத்த ஸ்கேன் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.